பூட்டின் சம்பளம்

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதருக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் 'பூட்டு'. அவர் பூட்டு செய்தவரும் இல்லை, விற்றவரும் இல்லை. வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவுதான். அதிலும் சம்பளம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் மனிதர் சாவியையும் விழுங்கிவிடுவார்.

ஆணிடம் சம்பளத்தைக் கேட்காதே, பெண்ணிடம் வயதைக் கேட்காதே என்பார்கள். பூட்டு அதற்கும் ஒரு படி மேலே. கேட்பதற்கு முன்பே பதில் சொல்ல மறுப்பார். "இந்த மாசம் மழை ஜாஸ்தி, இல்லண்ணே?" என்று யாராவது சும்மா பேச்செடுத்தால்கூட, மழையிலிருந்து மாசத்துக்கும் மாசத்திலிருந்து சம்பளத்துக்கும் பேச்சு நழுவிவிடுமோ என்று பயந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதல் காரணம் அவருடைய அப்பா. வாடகைக் கார் ஓட்டியவர். ஒளிவுமறைவே தெரியாதவர். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அன்றைய வரும்படியைச் சத்தமாக அறிவிப்பார். நல்ல நாள் என்றால் செருப்பைக் கழற்றுவதற்குள் தொகை வந்துவிடும்; மோசமான நாள் என்றால் கதவு மட்டும் சத்தம் போடும். எட்டு வயதிலேயே கதவுச் சத்தத்தை வைத்து வீட்டு நிலவரத்தைச் சொல்லத் தெரிந்திருந்தது பூட்டுக்கு. பள்ளிக்கூட ஷூ கடித்தபோது அவர் மூச்சுவிடவில்லை. புது ஷூவுக்கு எத்தனை சவாரி ஓட வேண்டும் என்று அவருக்குத் தெரியுமே! ஒரு வருஷம் முழுக்கக் காலைக் குறுக்கிக் குறுக்கி அதிலேயே திணித்தார். இன்றைக்கும் அவருடைய சுண்டுவிரல்கள் இரண்டும் உள்பக்கமாக மடங்கித்தான் கிடக்கின்றன. தனக்கொரு பிள்ளை பிறந்தால் அதன் காதில் ஒரு பைசாப் பேச்சுகூட விழக்கூடாது என்று அவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

இரண்டாவது காரணம் முதலாளி. சம்பள நாளில் ஏழு மெக்கானிக்குகளையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். "கதவைச் சாத்து" என்பார். உறையை நீட்டுவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இங்க இருக்கிற ஏழு பேர்ல உனக்குத்தான் அதிகம். வெளியில சொல்லிடாதே, மத்தவங்க வயிறெரிவாங்க" என்பார்.

பத்தொன்பது வருஷமாகப் பூட்டு இதைக் கேட்டுக்கொண்டு, வெளியே வரும்போது மற்ற ஆறு பேரையும் இரக்கத்தோடு பார்ப்பார். மனசு கேட்காமல் அன்றைக்கு எல்லோருக்கும் தானே டீ வாங்கிக் கொடுக்கப் பார்ப்பார். ஆனால் அது சுலபமில்லை. சம்பள நாளன்று டீக்குக் காசு கொடுக்க ஏழு பேருமே முண்டியடிப்பார்கள். அது ஏன் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

பூட்டின் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். மாசம் பிறந்தால் வீட்டுச் செலவுக்கு இவ்வளவு என்று பூட்டு ஒரு தொகையைக் கொடுப்பார். அவளும் தன் பங்கைப் போடுவாள். அவர் முழுச் சம்பளத்தைச் சொன்னதில்லை. அவளுடையதைக் கேட்டதும் இல்லை. கேட்டால் பதிலுக்குச் சொல்ல வேண்டிவருமே! அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

இவர்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை எதிராளியின் சட்டையை விடமாட்டாள் என்பதால் 'வக்கீல்' என்று பெயர். ஆறு வயதில் ஒருநாள், "அப்பா, நாம பணக்காரங்களா, ஏழையா?" என்று கேட்டாள். பூட்டு ஜன்னலைக் காட்டி, "அங்க பாரு, புறா!" என்றார். புறா ஒன்றும் இல்லை. ஏழு வயதிலும் கேட்டாள். அப்போது நிஜமாகவே ஒரு புறா இருந்தது. எட்டு வயதுக்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளை, அடங்கிவிட்டது என்று பூட்டு நிம்மதியாக இருந்தார்.

சாட்சி பேச மறுத்தால் வக்கீல் என்ன செய்வார்? தடயம் தேடுவார். இது பூட்டுக்குத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வக்கீல் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். வகுப்பில் ஒரு மாணவரின் குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது, பெயர் சொல்வதற்கில்லை, பெற்றோர் தங்களால் முடிந்த பொருளைக் கொடுத்து உதவலாம் என்று வகுப்பு டீச்சர் எழுதியிருந்தார்.

பூட்டுக்கு மனம் உருகிவிட்டது. "பாவம், யாரு வீட்டுப் பிள்ளையோ!" என்று அடுப்படிக்குப் போய், ஐந்து கிலோ அரிசிப் பையைப் பிரிக்காமல் அப்படியே தூக்கிக் கொண்டுவந்து வைத்தார். அலமாரியிலிருந்து தன் பச்சைக் கம்பளிச் சட்டையையும் எடுத்தார்.

மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். "இது நான் வாங்கிக் கொடுத்ததுங்க. நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கிறதைக் கொடுக்கிறதுதாம்மா தர்மம்" என்றார் பூட்டு. அந்தச் சட்டை கழுத்தில் அரிக்கும் என்பதையும், எட்டு வருஷமாக அதிலிருந்து தப்ப வழி தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லவில்லை.

வக்கீல் தன் வண்ணப் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து அரிசிப் பைமேல் வைத்தாள். "நம்மளவிடக் கஷ்டப்படுறவங்களும் இருக்காங்க போல" என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சின் பொருள் என்ன என்று அப்போதே யாராவது விசாரித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது. வக்கீல் விளையாடப் போயிருந்தாள். பூட்டு கதவைத் திறந்தார். வாசலில் டீச்சர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இரண்டு அம்மாக்கள். அதில் ஒருத்தி நெட்டையின் மனைவி.

நெட்டை என்பது பூட்டோடு வேலை செய்யும் மெக்கானிக். ஆறு வருஷத்துக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்தவன். ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பூட்டு. அவனுடைய மகளும் வக்கீலும் ஒரே வகுப்பு.

"அண்ணே! நீங்களா?" என்று நெட்டையின் மனைவி பெட்டியை நழுவவிட்டாள். அது அடுத்தவளின் காலில் விழுந்தது.

"நானேதான். நீங்க யாரைத் தேடி வந்தீங்க?" என்றார் பூட்டு.

டீச்சரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். முகவரிச் சீட்டைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "உதவி வாங்கிக்கிறதுல கூச்சமே பட வேண்டியதில்லை சார். கஷ்டம் எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்.

பூட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் நிற்க வைப்பது மரியாதை இல்லை என்று உள்ளே கூப்பிட்டார். பெட்டி சாப்பாட்டு மேசைமேல் ஏறியது. மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து மூடியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே அவர்கள் வீட்டு அரிசிப் பை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அதன் கீழே பச்சைக் கம்பளிச் சட்டை. அதற்கும் கீழே வண்ணப் பென்சில் பெட்டி.

"என்னங்க," என்றாள் மனைவி, "தர்மம் திரும்பி வந்துடுச்சு."

அதற்கும் அடியில் கம்பெனி முத்திரை போட்ட ஒரு நீல நிறக் கால்சட்டை. இரண்டு பூட்டை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால்தான் அதன் நீளத்துக்குச் சரியாக இருக்கும். நெட்டையின் மனைவி அதை மெல்ல உருவித் தன் கைப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர், எங்களுக்கு என்ன கஷ்டம்னு யார் சொன்னது?" என்று கேட்டார் பூட்டு.

டீச்சர் தயங்கித் தயங்கிப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 'என் வீடு' என்ற தலைப்பில் வக்கீல் எழுதிய கட்டுரை அது. மனைவி அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள்:

"எங்கள் வீட்டில் மூன்று பேர். நாங்கள் ஏழைகள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனிச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார். அறுந்த செருப்பைக் கம்பியால் கட்டிக்கொள்கிறார். அம்மா ஷாம்பு பாட்டிலில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுகிறார். நாங்கள் பற்பசை வாங்குவதே இல்லை. விரல் அளவுக் குழாய்களில் அம்மா அதை எங்கிருந்தோ கொண்டுவருகிறார். அப்பாவும் அம்மாவும் பணம் பற்றிப் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நல்ல செய்தி என்றால் யார் கதவைச் சாத்துவார்கள்? ஆகவே நான் சுற்றுலாவுக்கு வரவில்லை. காரணம் கால்வலி என்று எழுதியிருந்தேன். அது பொய். மன்னிக்கவும்."

முதல் இரண்டு வரியில் உதட்டைக் கடித்துக்கொண்ட மனைவி, பற்பசையில் அடக்க முடியாமல் நாற்காலியில் சரிந்துவிட்டாள். "மருத்துவமனையில சும்மா கொடுக்கிற சாம்பிள் அது டீச்சர்!" என்று கண்ணீர் வரச் சிரித்தாள். பெட்டி விழுந்த காலைத் தடவிக்கொண்டிருந்தவளும் சிரித்தாள். டீச்சர் சிரிக்கலாமா கூடாதா என்று பூட்டைப் பார்த்தார்.

பூட்டு சிரிக்கவில்லை. கடைசி வரிகளிலேயே நின்றுவிட்டிருந்தார். கால்வலி. ஒரு மாதத்துக்கு முன்பு, சுற்றுலா வேண்டாம், நடக்க முடியவில்லை என்று மகள் சொன்னபோது ராத்திரி அவர்தான் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். அவளும் வலிக்காத காலை நீட்டிக்கொண்டு, பாவம், பேசாமல் படுத்திருந்தாள். மேசைக்கு அடியில் தன் மடங்கின சுண்டுவிரல்கள் குறுகுறுப்பது போல இருந்தது அவருக்கு. ஒன்றுமே சொல்லாமல் வளர்த்தால் பிள்ளை ஒன்றுமே தெரியாமல் வளரும் என்று எந்த மடையன் சொன்னான்? அவரேதான்.

வந்தவர்களுக்கு டீ கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, பெட்டியை நிஜமாகவே தேவைப்படும் வேறு வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். அரிசியும் பென்சிலும் பெட்டியோடு போயின. பச்சைச் சட்டையை மட்டும் மனைவி எடுத்துவைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. காலைச் சாப்பாடு முடிந்ததும் பூட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு அந்தக் கட்டுரை ஞாபகம் வந்து மறுபடி திறந்தார். ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி மகளிடம் நகர்த்தினார்.

வக்கீல் படித்தாள். "முப்பத்தெட்டாயிரம். இது என்ன?"

"மெதுவா! என் சம்பளம்."

"இது அதிகமா, கம்மியா?"

பூட்டு தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் பொத்திப் பொத்திக் காத்த எண், வெளியே வந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அது அதிகமா கம்மியா என்று தனக்கே தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது.

அதனால் வீட்டு வாடகை எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டிவந்தது. வக்கீல் விடவில்லை. வேலை போய்விட்டால் எத்தனை மாசம் தாங்கும் என்று கேட்டாள். நாலு மாசம் என்றார். ஷாம்புவில் ஏன் தண்ணீர் என்று கேட்டாள். அது வறுமை இல்லை, பழக்கம் என்றாள் அம்மா. அப்படியானால் செருப்பு? அதற்கு அப்பா, "கம்பி நல்லாத்தானே நிக்குது?" என்றார். வக்கீல் அந்தப் பதிலை ஏற்கவில்லை.

"அம்மாவுக்கு எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வந்தது.

மனைவி திடீரென்று தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். "அது எதுக்கு இப்போ..."

"புறா காட்டாதேம்மா" என்றாள் வக்கீல்.

"முப்பத்தொன்பதரை" என்றாள் அம்மா தட்டுகளைப் பார்த்துக்கொண்டே. "ரெண்டு வருஷமா. அப்பாவுடையது எவ்வளவுன்னு ஒரு குத்துமதிப்பாத் தெரியும். சொன்னா அவர் மனசு ஒரு மாதிரி ஆயிடுமேன்னுதான்..."

பூட்டு அலமாரியிலிருந்த பாதாம் டப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "அதான் ரெண்டு வருஷமா வீட்டுல பாதாம் வாங்குறியா?" என்றார்.

"ஆமா. நீங்களும்தானே திங்கிறீங்க?"

எழுந்திருக்கும்போது பூட்டு மகளிடம், "இது யாருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

"ஏம்பா, திருடின காசா?"

"சேச்சே!"

"அப்புறம் ஏன்?"

'மத்தவங்க வயிறெரிவாங்க' என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவும் செய்தார். வக்கீல் யோசித்துப் பார்த்து, சரி, தானாகப் போய் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த 'தானாக' என்ற சொல்லைப் பூட்டு கவனித்திருக்க வேண்டும்.

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்? இந்தக் கத்திரிக்காய்க்கு ஒரே ஒரு நாள் போதுமாக இருந்தது. திங்கட்கிழமை இடைவேளையில் நெட்டையின் மகள் நாலு பேர் நடுவில் வந்து, "எங்கப்பாவோட பழைய பேன்ட் உங்க வீட்டுக்குத்தான் வந்துச்சாமே?" என்று கேட்டாள். குடும்ப மானம் தரையில் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த வக்கீலிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்த எண்.

"நாங்க ஒண்ணும் ஏழை இல்ல. எங்கப்பாவுக்கு மாசம் முப்பத்தெட்டாயிரம், தெரியுமா?"

"அவ்வளவுதானா?" என்றாள் நெட்டையின் மகள். "எங்கப்பாவுக்கு நாப்பத்திரண்டு."

நெட்டை வீட்டில் சம்பளம் ரகசியமே இல்லை. நாற்பத்திரண்டு ஆன அன்றைக்கு அவன் வீட்டில் கேக் வெட்டினார்கள்.

சாயங்காலம் வக்கீல் அப்பாவிடம் நடந்ததை மறைக்காமல் ஒப்பித்தாள். "நான் தானா சொல்லலப்பா, அவ சண்டைக்கு வந்தா" என்று முன்னெச்சரிக்கையாக ஆரம்பித்து, கடைசியில், "அவங்கப்பா உங்ககிட்டதானே வேலை கத்துக்கிட்டாரு? அப்புறம் எப்படி அவருக்கு நாலாயிரம் ஜாஸ்தி?" என்று முடித்தாள்.

பூட்டு அவளைத் திட்டவில்லை. திட்ட வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. முதலாளி சொன்ன வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று வாழ்க்கையில் முதல்தடவையாக அவருக்குத் தெரிந்தது. ஆனால் எரிய வேண்டியது மற்றவர்கள் வயிறு அல்லவா?

மறுநாள் இருவருக்கும் ஒரே வேலை. ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நாலாவது மாடியில் குலுங்குகிறது என்று புகார். கூண்டின் கூரைமேல் ஏறி, நிறுத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, இருவரும் விளக்கு வெளிச்சத்தில் லிஃப்ட் ஓடும் பக்கத் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை குனிந்தே வேலை செய்தான். இடம் போதாததால் அல்ல. முகத்தைக் காட்டத் தயங்கினான். விஷயம் அவன் வீட்டுக்கும் போய்விட்டிருந்தது.

"நாப்பத்திரண்டாமே?" என்றார் பூட்டு, கிரீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

நெட்டையின் கையிலிருந்த துணி நாலு மாடி ஆழத்துக்குப் போய் விழுந்தது. "அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. உங்களுக்கு ஐம்பதாவது இருக்கும்னு நினைச்சேன். ஆனா..." என்று இழுத்தான்.

"என்ன ஆனா?"

"மாசாமாசம் முதலாளி கதவைச் சாத்திட்டு, 'ஏழு பேர்ல உனக்குத்தான் அதிகம், வெளியில சொல்லாதே'ம்பாரு. அதை நான் முதல்ல ஒரு பேச்சுக்குச் சொல்றாருன்னுதான் நினைச்சேன், அப்புறம் நிஜமா இருந்துடுமோன்னும் தோணுச்சு. அதான் உங்களுக்கு டீயாவது வாங்கிக் கொடுப்போம்னு..."

பூட்டு நிமிர்ந்தார். தலை மேலே இருந்த குறுக்குக் கம்பியில் நங்கென்று இடித்தது. அதைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. "உன்கிட்டயும் அதையேதான் சொல்றாரா?"

அன்று மதியம் பட்டறையின் பின்பக்கம், பழைய மோட்டார்கள் குவிந்து கிடக்கும் இடத்தில், ஏழு பேரும் சாப்பாட்டு டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டு சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து, நின்றபடியே, "எனக்கு முப்பத்தெட்டு" என்றார்.

பூட்டு வாயைத் திறந்ததே அதிசயம். திறந்து இதையா சொல்வது?

"அவ்வளவுதானா?" என்றார் ஒருவர், மகிழ்ச்சியை மறைக்க முடியாமல். பிறகு நெட்டை தன்னுடையதைச் சொன்னான். அந்த மகிழ்ச்சி அப்படியே வடிந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக எண்கள் வந்தன. நாற்பது. முப்பத்தொன்பது. முப்பத்தேழரை. ஏழு பேரும் அவரவருக்குத்தான் அதிகம் என்று நினைத்து மற்ற ஆறு பேருக்காக இத்தனை வருஷம் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் கீழே இருந்தவர், இருபத்தாறு வருஷம் வேலை பார்த்த மோட்டார்க்காரர். அவருக்கு முப்பத்தைந்து.

"நான்," என்றார் மோட்டார்க்காரர் மெதுவாக, "உங்களுக்கெல்லாம் போன மாசம் பன்னும் சேர்த்து வாங்கிக் கொடுத்தேனேடா!"

முதலில் நெட்டைதான் சிரித்தான். பிறகு ஏழு பேரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் ஏழு பேரும் எழுந்தார்கள்.

முதலாளியின் அறை ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு அலமாரி அளவுதான். ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதற்காகவே கட்டியது போல இருக்கும். பூட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் நெட்டை, மோட்டார்க்காரர் என்று நுழைய நுழைய, கடைசி இரண்டு பேருக்கு வாசலில்தான் இடம் கிடைத்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "என்ன விஷயம்? ஒவ்வொருத்தரா வாங்க. கதவைச் சாத்து."

"இன்னைக்குத் திறந்தே இருக்கட்டும்" என்றார் பூட்டு. "முதலாளி, எங்க ஏழு பேர்ல யாருக்கு அதிகம்?"

முதலாளியின் முகத்தில் ஓடியது பயமா, கணக்கா என்று சொல்வது கடினம். "இதெல்லாம் யார் கிளப்பிவிட்டது?"

"என் பொண்ணு. அஞ்சாம் வகுப்பு."

முதலாளி கோபப்பட்டார். நன்றி இல்லை என்றார், வியாபாரம் மந்தம் என்றார், ஒரு குடும்பம் மாதிரி நடத்தினேனே என்றார். "குடும்பம்னா மூத்தவருக்கு இப்படியா செய்வாங்க?" என்று நெட்டை அவ்வளவு உயரத்திலிருந்து கேட்டான். அதிகச் சம்பளக்காரனே அப்படிக் கேட்டதுதான் முதலாளியை அசைத்தது. ஏழு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டால் ஊரில் நூற்றுநாற்பது லிஃப்ட் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும்.

மூன்று வாரம் இழுபறி நடந்தது. முடிவில் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் பொறுத்துச் சம்பளம் என்று ஒரு ஒழுங்கு வந்தது. மோட்டார்க்காரருக்கு நாற்பத்தாறு, பூட்டுக்கு நாற்பத்துநாலு. நெட்டைக்குக் குறைக்கவில்லை, இரண்டு வருஷம் ஏற்றமும் இல்லை. அவன் மனைவி ஒரு மாசம் பூட்டின் மனைவியோடு பேசவில்லை, பிறகு பேசினாள். முப்பத்தேழரைக்காரர் கோபம் தீராமல் தனியாகப் பட்டறை வைக்கப் போய்விட்டார். பழைய சம்பளப் பாக்கி என்று ஒரு காசும் யாருக்கும் வரவில்லை. அதை நினைத்தால் பூட்டுக்கு இன்றும் வயிறு கொஞ்சம் எரியும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். பத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டே கெட்ட தவளை ஊரிலேயே தான் ஒருவர்தான் என்று மனைவியிடம் சொல்லிக்கொள்வார்.

வீட்டிலோ வேறு தொல்லை ஆரம்பித்திருந்தது. தெரியாதபோது தியாகியாக இருந்த வக்கீல், தெரிந்த பிறகு தணிக்கை அதிகாரி ஆகிவிட்டாள். மாசத்தின் முதல் ஞாயிறு அவள் இல்லாமல் எந்த முடிவும் எடுக்க முடிவதில்லை. அப்பா வெளியே குடிக்கும் டீக்கு வரம்பு வைத்தாள். அம்மாவின் பாதாமுக்கும் வைத்தாள். தனக்கு மட்டும் வண்ணப் பென்சில் வாங்க ஒரு தொகையை ஒதுக்கிக்கொண்டாள். கேட்டால், "தர்மம் பண்ணினதுக்கு இழப்பீடு" என்றாள். அப்பாவின் கம்பிச் செருப்பு ஒருநாள் காலையில் காணாமல் போனது. அந்த இடத்தில் புதுச்செருப்பு இருந்தது. விலைச்சீட்டைக் கிழிக்காமல் விட்டிருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது பூட்டு கேட்டார்: "இதெல்லாம் தெரிஞ்சதுல உனக்குப் பயமா இருக்காம்மா?"

வக்கீல் மெல்லுவதை நிறுத்தி யோசித்தாள். "நாலு மாசம் தாங்கும்னு சொன்னீங்களே, அதை ஆறு மாசம் ஆக்கினா கொஞ்சம் நல்லா இருக்கும்" என்றாள். "முன்னாடி நாலு நாள்தான் தாங்கும்னு நினைச்சிருந்தேன்."

பூட்டு தலையை ஆட்டிக்கொண்டு அவள் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தார்.

ஆறு மாசம் கழித்து மூவரும் மின்விசிறி வாங்கக் கடைக்குப் போனார்கள். பழையது சுற்றும்போது கிளி கத்துவது போலக் கத்த ஆரம்பித்திருந்தது. விற்பனையாளர் இளைஞர், நல்ல வாயாடி. ஒவ்வொரு விசிறியாக ஓடவிட்டுக் காட்டி, ஒன்றின் விலையைச் சொன்னார்.

"அப்பா, இது உங்க ரெண்டு நாள் சம்பளம்" என்றாள் வக்கீல், கடை முழுக்கக் கேட்கும்படி. பூட்டு கூரையைப் பார்த்தார். ஆனால் வக்கீல் அதற்குள் விற்பனையாளர் பக்கம் திரும்பிவிட்டாள். "அங்கிள், உங்களுக்கு இது எத்தனை நாள் சம்பளம்?"

பூட்டு அவளை அடக்க வேண்டும். பெரியவர்களிடம் அப்படிக் கேட்கக்கூடாது என்று சொல்ல வேண்டும். சொல்லவும் நினைத்தார். ஆனால் மனிதருக்கே பதிலைக் கேட்க ஆசையாக இருந்தது. மனைவியும் விசிறியின் இறக்கையைத் தடவுவதுபோல இன்னும் அரை அடி நெருங்கி நின்றாள்.

இளைஞர் மேலாளரின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மூணரை நாள், பாப்பா. யார்கிட்டயும் சொல்லிடாதே. இந்தக் கடையில எனக்குத்தான் அதிகமாம்" என்றார்.

வக்கீல் அப்பாவைப் பார்த்தாள். பூட்டு செருமிக்கொண்டார். பக்கத்தில் அயர்ன்பாக்ஸ் விற்கும் கவுண்டரில் நரைத்த தலையோடு ஒருவர் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் பூட்டு, "அவருக்கு எவ்வளவுன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

பில் போட்டு, விசிறிப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்ததும் வக்கீல் திரும்பிப் பார்த்தாள். விற்பனையாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விலை கேட்க வந்த வாடிக்கையாளர் போல, அயர்ன்பாக்ஸ் கவுண்டரை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருந்தார்.